ஒருத்தரும் பேசமாட்டினம்

இன்றைக்கு வாசிகசாலைக்குத் திரும்பி வந்த படக்கதைப் புத்தகத்தில் வாழைக்கயர்க் கறை பட்டிருக்கிறது. யானை வரைந்த பக்கத்தில் ஒரு சின்னப் பெருவிரல் கறுப்பாகப் பதிந்துபோய்க் கிடக்கிறது. முந்தியென்றால் புத்தகம் பாழாய்ப் போச்சு என்று ஊரைக் கூட்டியிருப்பேன். நீ பக்கத்தில் இருந்து சிரித்திருப்பாய். இதைப் பார்க்க நீ இல்லையே என்ற கவலையைவிட, இருந்திருந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

நீர்வேலியில் வாழைத்தோட்ட வேலைக்கென்று மலையகத்திலிருந்து சில குடும்பங்கள் வந்து தோட்டக் கொட்டில்களில் தங்கிய புதிது. பின்னேரங்களில் அவர்களின் பிள்ளைகள் வாய்க்கால் கரையில் சும்மா குந்தியிருப்பதை நீ கண்டுவிட்டாய். நாங்கள் இருவரும் பார்த்துவந்த வாசிகசாலைக்கு அவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே பிடிவாதம் தொடங்கியது.

“எடி, புத்தகத்தையெல்லாம் அலுமாரியிலை பூச்சி தின்னுது. பிள்ளையள் வாசிக்கட்டுமே” என்றாய்.

“தோட்டத்துக்கு வந்த சனத்தின்ரை பிள்ளையள் வாசிச்சுக் கிழிச்சது காணும்” என்றேன்.

நீ கேட்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாய். வாசலில் நின்ற சிறுமியிடம் குனிந்து, “பயப்பிடாமல் வாங்கோ பிள்ளை. அங்கை ஒருத்தரும் உங்களைப் பேசமாட்டினம்” என்றாய். அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாள் தம்பியைக் கையில் பிடித்தபடி வாசிகசாலை வாசல்வரை வந்தாள். அங்கே நான் எழுதி மாட்டிய பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: ‘இங்கே கதைக்கக் கூடாது.’ அப்படியே திரும்பிப் போய்விட்டாள். நான் உள்ளே இருந்து பார்த்தபடிதான் இருந்தேன். ஏன் போகிறாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. நீ பிறகும் போய்க் கூப்பிட்டாய். அவர்கள் வரவில்லை. “நான் சொன்னனான்தானே” என்று உனக்குச் சொல்லிக்காட்டினேன்.

நீ கண்ணை மூடிச் சில மாதங்களின் பின் அவள் தானாகவே வந்தாள். இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து எங்கள் தமிழ் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

“ஏன் பிள்ளை அப்ப வரேல்லை?” என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கதையே கூடாதுன்னு போட்டிருந்திச்சிங்களே. அந்த அம்மாவும் இங்க யாரும் எங்ககிட்ட பேச மாட்டாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு வர்றதுன்னு போயிட்டோம்.”

நாங்கள் பேசுவதைக் கதைப்பது என்கிறோம். ஏசுவதைப் பேசுவது என்கிறோம். அவளுடைய ஊரில் கதை என்றால் கதை, பேச்சு என்றால் பேச்சு. யாரும் ஏசமாட்டார்கள் என்று நீ சொன்னது, யாரும் முகம்கொடுக்கமாட்டார்கள் என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. உன்னைத்தான் அவள் பிழையாக விளங்கியிருந்தாள். என்னைப் பொறுத்தவரை அவள் விளங்கியது சரிதானே. நான் கூனிக்குறுகிப் போனேன்.

பலகையை அன்றே கழற்றிவிட்டேன். இப்போது பின்னேரமானால் வாசிகசாலை ஒரே சத்தம். தமக்கை உரத்து வாசிக்க, தம்பி பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டு அவள் உயிரை எடுக்கிறான். எழுத்து வாசனை இல்லாத அவர்களின் தாய், வேலை முடிந்து வரும் வழியில் வாசற்படியில் குந்திக் கேட்கிறாள். உலை வைக்க வேண்டுமென்று பாதியில் எழும்பிப் போவாள். மறுநாள் காலை தெருவில் என்னை மறித்து, “அந்த யானை கடைசியில வீடு போய்ச் சேந்துச்சுங்களா?” என்று விசாரிப்பாள். நான் நின்று முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். இதெல்லாம் நீ செய்திருக்க வேண்டியது.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த பின்னேரம், “அந்தப் பிள்ளையளுக்குப் புத்தகத்திலை விருப்பமில்லைப் போலை, என்ன?” என்று கேட்டாய். நான் மறுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாய். அது எனக்குத் தெரியும். உன் போர்வையை இழுத்துவிட்டபடி, “ஓம்” என்றேன்.

பிள்ளைகள் வந்து வாசித்துவிட்டுப் போகும் ஒவ்வொரு நாளும் அந்த ‘ஓம்’ என் காதில் திரும்பக் கேட்கிறது. ‘இல்லையடி’ என்று திருத்திச் சொல்ல எனக்கு ஆளில்லை.