முப்பது வீட்டு விருந்தாளி

1969 மார்ச் 5, புதன்
நரிக்குடி வந்து மூன்றாம் நாள். நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். பக்கத்துக் கிராமத்தில் முப்பது வீடு. அன்றன்று சமைப்பதையெல்லாம் எடை போட்டு, வீட்டுக்கு ஒரு படிவத்தில் எழுத வேண்டும். விருந்தாளி யாராவது சாப்பிட்டால் அதற்கும் ஒரு கட்டம். சத்துக் குறைவு என்று தெரிந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால் வரும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும்.

மேலதிகாரி ராஜகுரு சார் சொன்ன விதி ஒன்றுதான்: "நிறுக்கிற வீட்ல பச்சத் தண்ணி தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது, கஸ்தூரி."

அருப்புக்கோட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் தராசு பிடித்து வளர்ந்தவள் நான். இதென்ன பெரிய வேலை?

மார்ச் 7
குருவம்மாள் வீடு. நெல்லுச்சோறு. கோழி, உயிரோடு, 1 கிலோ 140. "மத்தியானம் அடிச்சுக் கொழம்பு வைக்கப் போறோம், இப்பமே நெறுத்துக்கங்க டீச்சர்." படித்தவள் யார் வந்தாலும் இங்கே டீச்சர்தான்.

மார்ச் 8
சண்முகவடிவு வீடு. நெல்லுச்சோறு. கோழி, 1 கிலோ 140.

மார்ச் 10
முத்துத்தாய் வீடு. கோழிக்கு ஒரு கண் பூத்திருந்தது. குருவம்மாள் கோழிக்கும் அதே கண். 1 கிலோ 85 கிராம். நடுவில் முட்டையிட்டிருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். "கவருமெண்டு நோட்டுல இது கூழு குடிக்கிற வீடுன்னு ஏறிட்டா, எம் பொண்ணைக் கட்ட எவன் வருவான்?" என்றாள் முத்துத்தாய்.

மார்ச் 11
ஊரைக் கூட்டி, உள்ளதைக் காட்டினால்தான் பால் வரும் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மார்ச் 12
எல்லா வீட்டு அடுப்பிலும் பூனை தூங்குகிறது. "சாப்பிட்டு மூணு நாளாச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு சண்முகவடிவு ஏப்பம் விட்டாள்.

மார்ச் 14
எதை எழுத? முதலில் கோழி, இப்போது பட்டினி. சாருக்கு என்ன சொல்றது? பேசாம ஊருக்கே போயிருவமா — அழுதேன். பால் இல்லாத பிள்ளைகள்தான் என் தராசுத் தட்டில் ஏறி விளையாடுகின்றன.

மார்ச் 17
பருத்தி எடுக்கும் காட்டுக்கே போனேன். வெயிலில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன சாப்பிட்டீக?" என்று கேட்டாள் குருவம்மாள். நேற்று இரவு ஒரு பன் என்றேன்.

"நம்மள நெறுக்க வந்தவுக லச்சணத்தப் பாருங்கடி" என்று சிரித்தாள். கலயத்தை நீட்டினாள். கம்பங்கூழ், மோர் மிளகாய். விதி ஞாபகம் வந்தது. குடித்தேன்.

"ரெண்டு நேரமும் இதேன். பிள்ளைகளுக்கும் இதேன். நாளைக்கு வீட்டுக்கு வாங்க, கம்பு குத்தையில நெறுங்க" என்றாள், நான் கேட்காமலே.

ஏப்ரல் 26
குருவம்மாள் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கி முப்பதும் முடிந்தது. ஒரு வீட்டிலும் பொய் இல்லை. நீட்டுகிற கூழைக் குடிக்காமல் உட்கார்ந்தால் கதவைத் திறக்கிறார்கள், பானையைத் திறப்பதில்லை. ரவிக்கை இறுகுகிறது.

மே 9
ராஜகுரு சார் வந்து படிவங்களைப் புரட்டினார். கணக்கு சரி, பாலுக்கு எழுதிவிடலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வீட்லயும் விருந்தாளி ஒண்ணுன்னு போட்டிருக்கே. இந்த வெயில்ல இந்த ஊருக்கு யாரும்மா விருந்துக்கு வந்தது?"

கணக்கில் பொய் எழுத மட்டும் எனக்கு வராது. "நான்தான் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை கிலோ ஏறியிருக்கே?"

"நாலு சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 4
பால் பவுடர் வந்துவிட்டது. முத்துத்தாயின் கடைக்குட்டி இரண்டு தம்ளர் குடித்தான்.

ஒற்றைக்கண் கோழி எட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. எனக்கு ஒன்று தருவதாகக் குருவம்மாள் சொல்லியிருக்கிறாள். நிறுக்கக் கூடாதாம்.