லாக்கில் எழுதாத சத்தம்

ஆக. 9, சனி
காலை ஐந்துக்கே சட்டை உடம்போடு ஒட்டுகிறது. ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட் பஸ்ஸில் ஏசி பேருக்குத்தான்.

வாங்க: சாக்ஸ், சவரக்கத்தி, மச்சினன் அருளுக்கு இருமல் மருந்து.

கம்ப்ரஸர் பார்க்க வந்த ஸ்வீடன்காரர் ஏழாம் வால்வில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கசிவு காட்டும் கேஸ் மீட்டரில் ஜீரோ. “பியூசெர்” என்றார். அப்படியென்றால்? அடைபட்ட காற்று சின்ன இடுக்கு வழியே வெளியேறும் சத்தமாம். என் நோட்டில் அவரே எழுதித் தந்தார். பியூஸா, கசிய. பியூசெர், கசிகிறது. பியூஸ்தெ, கசிந்தது. பியூஸ்த், கசிந்திருக்கிறது. நம்ம ஊர் ‘புஸ்’தான். பஞ்சரான சைக்கிள் டியூபுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பாஷை.

ஆக. 11, திங்கள்
தூசிக்காற்று. நானும் காது வைத்தேன். புஸ். சந்தேகமே இல்லை.

ஷிஃப்ட் பதிவேட்டில், அதாவது லாக் ஷீட்டில், எழுதப் போனேன். சூப்பர்வைசர் தடுத்தார். “மீட்டர்ல ஜீரோ. காதை எல்லாம் லாக்ல எழுதாதீங்க.” முந்தைய ஷிஃப்ட் எழுதியது நார்மல். அதற்கு முந்தையதும் நார்மல். மேல் வரியைப் பார்த்தே எழுதிப் பழகிவிட்டோம். நானும் எழுதினேன். வெட்கமாக இருந்தது.

ஸ்வீடன்காரர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது சொன்னது: சத்தம் தானாக நின்றால் யாரும் கிட்டே போகக்கூடாது. கசியும் கேஸின் குளிரில் ஐஸ் கட்டி இடுக்கை அடைத்திருக்கும். ஸ்பானர் பட்டால் கேஸ் மொத்தமாக வரும்.

ஆக. 14, வியாழன்
இருமல் மருந்து மறந்தே போனது.

சாப்பிடும்போது அருள் சிரித்தான். “ஏழாம் வால்வுல சத்தம் நின்னு போச்சு அத்தான். நீங்க சும்மா பயந்திய.” நாளைக் காலை அங்கே போல்ட் முறுக்கும் வேலை, அவன் பேரில்தான் பெர்மிட். லாக்கில் நார்மல் இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

தட்டை நகர்த்தி வைத்தேன். இவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான். பொய் எழுதினேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை; அதை மறைத்து ஸ்வீடன்காரர் சொன்னதை மட்டும் சொல்லவும் முடியவில்லை.

ஆக. 15, வெள்ளி
எனக்கு லீவ். மாதா திருநாள். பூசைக்குப் போகவில்லை.

8.40. அருளுக்கு போன். அடித்துக்கொண்டே இருக்கிறது. சைட்டுக்குள் போன் கூடாது, கேட் லாக்கரில்தான் கிடக்கும். தெரிந்தும் ஏழு தடவை அடித்தேன்.

8.55. கன்ட்ரோல் ரூமுக்கு போன். வேலை போனால் போகட்டும். சத்தம் கேட்டும் நார்மல் என்று எழுதினேன், ஏழாம் வால்வில் இருக்கும் ஆளை வெளியே எடுங்கள் என்றேன். பெயர், பேட்ஜ் நம்பர் கேட்டார்கள். லைனில் இருக்கச் சொன்னார்கள்.

9.07. லைன் கட் ஆகவில்லை. யாரும் பேசவும் இல்லை.