ஒரு பாத்திக்கு மட்டும் மடை

இன்று காலை மேற்குக் காற்று ஜவ்வரிசி ஆலையின் புளித்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நம் மகள் சன்னலைச் சாத்தப் போனாள். "உடு சாமி, அடிக்கட்டும்" என்றேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

அந்த நாற்றத்துக்குள்தான் உன் மார்புப் புண்ணை ஒளித்து வைத்திருந்தாய். "என்ன புள்ளை, ஒரு மாதிரி வாசம் வருது?" என்று கேட்டால், "ஆலைத் தண்ணியத் தொறந்து உட்டிருப்பாங்க, வேறென்ன?" என்பாய். நானும் நம்பினேன். சித்திரையில் மரவள்ளிக் கிழங்கு வரத்து நின்று ஆலையை மூடினார்கள். வாசம் மட்டும் நிற்கவில்லை; அப்போதுதான் உன் புண்ணைக் கண்டுபிடித்தேன். அதற்குள் நீ பாயை மாட்டுக்கொட்டகைப் பக்கம் மாற்றியிருந்தாய். பேருந்திலும் என்னைத் தள்ளி உட்காரச் சொல்வாய்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. புற்றுநோய் எலும்புக்கும் போய்விட்டது, முழுதாகத் தீர்க்க முடியாது, புண்ணை ஆற்றிப் பார்க்கலாம் என்றார். தொடையிடுக்கு ரத்தக்குழாயில் நூல் போன்ற குழாயை நுழைத்து, மார்புக்கு ரத்தம் போகும் கிளைவரை கொண்டுபோய், மருந்தை அங்கேயே விடுவார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ கேட்டாய்: "அப்ப காடு பூராவும் பாய்ச்சாம, அந்த ஒரு பாத்திக்கு மட்டும் மடை தொறக்கறீங்களாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "பக்கத்துப் பாத்திக்கும் கொஞ்சம் கசியும்மா. காய்ச்சல், வாந்தி இருக்கும்."

"கசிஞ்சாக் கசியட்டுங்க. மகளுக்கு வளைகாப்பு வருது. சபையில நான் உக்காரோணும்."

காய்ச்சலும் வந்தது, வாந்தியும் வந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் நான் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். "நாயாட்டம் மோந்து பாக்காதீங்க மாமா" என்று திட்டுவாய். போகப்போகக் கட்டி சுருங்கியது, புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஒரு நாள் கட்டைப் பிரித்தால் மருந்து வாசம் மட்டும்தான்.

அடுத்த முறை சேலத்திலிருந்து திரும்பும்போது, பேருந்தில் வழக்கம்போல் பின்னால் போகப் பார்த்தேன். நீ சன்னலோரம் நகர்ந்து இருக்கையைத் தட்டினாய். "ஏனுங்க, இத்தன எடம் கெடக்குது, அங்க எங்க போறீங்க?"

வளைகாப்பில் மகளின் கன்னத்தில் சந்தனம் பூசினாய். அவள் உன் தோளில் சாய்ந்தாள். நீ விலகவில்லை. பேரன் நடக்கிறவரை இருந்துவிட்டுத்தான் போனாய்.

மகள் எழுதுவதை நிறுத்துகிறாள். "நானும் போன வாரம் அதே டாக்டரம்மாகிட்டப் போய்க் காட்டிட்டு வந்துட்டேனுங்கப்பா. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இதையும் எழுதட்டுங்களா?"

"அதை மொதல்ல எழுது சாமி."

பேருந்தில் இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். யாராவது ஒதுங்கி நின்றால் சன்னலோரம் நகர்ந்து இருக்கையைத் தட்டுகிறேன். "இத்தன எடம் கெடக்குது, உக்காருங்க."