இடி இடித்தால் பிளக்கை உருவும் ஊருக்கு ஒரு லினக்ஸ்

செப்டம்பர் 8, 2025 – திங்கள்

ஓணம் முடிந்து இன்றுதான் சங்கத்துக்குப் போனேன். பாலுக்கு ஓணமும் இல்லை, ஞாயிறும் இல்லை. எனக்கு மட்டும் மூன்று நாள் லீவு கிடைத்தது. போய்ப் பார்த்தால் பால் கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துக் கிடக்கிறது. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் எழுந்துகொள்ளும். இன்று நாலு தட்டு வேண்டியிருந்தது.

மலையாள எல்லையில் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பால் சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று பால் சோதனை மெஷினோடு ஒயர் போட்டு இணைத்தது. யார் ஊற்றினார், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் விழும். அந்த புரோகிராம் பழைய விண்டோஸ் செவனைத் தவிர வேறெதிலும் ஓடாது. இன்னொன்று பில்லுக்கு, மூன்றாவது மேலிடத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட்டுக்கு. மூன்றுமே பல் போன கிழடுகள்.

சாயங்காலம் பரணசமிதியில், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், எழுந்து சொல்லிவிட்டேன். மூன்றையும் தூக்கிப் போடுவோம். ஒரே ஒரு புது கம்ப்யூட்டர் போதும். அதில் அடியில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதற்குள்ளே மூன்று கம்ப்யூட்டரையும் விர்ச்சுவல் மெஷினாக ஓட்டலாம். பழைய விண்டோஸும் உள்ளே பத்திரமாக இருக்கும். சொல்லி முடித்ததும் செக்ரட்டரி ரத்தினசாமி அண்ணன், "அப்ப ஒரே ஊட்டுக்குள்ள மூணு குடித்தனம்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இதை நான் இருபது நிமிஷம் விளக்கியிருக்கிறேன்.

பிரசிடென்ட் சென்னியப்பன் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. எறணாகுளத்துக் கம்பெனி ஒன்று எல்லாவற்றையும் தாங்களே எடுத்துச் செய்வதாகக் கேட்டிருக்கிறதாம். "அம்மிணி, அக்டோபர் ஒரு மாசம் உங்கிட்ட வுடறேன். ஒரே ஒரு நேரத்துப் பால் நின்னாலும் கம்பெனிக்காரனத்தான் கூப்புடுவேன். அப்பறம் நர்மதா மொகத்தத் தொங்கப் போட்டுக்கறான்னு யாரும் எங்கிட்ட வரப்படாது."

சரிங்க என்றேன். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து பெயர் தட்டச்சு செய்கிறேன். பக்கத்துச் சித்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது எனக்கே மறந்துபோகும்போல் இருக்கிறது. எனக்கு இது வேண்டும். நன்றாகவே வேண்டும்.

செப்டம்பர் 11

எந்த லினக்ஸ்? அங்கேதான் தலை சுற்றுகிறது. உபுண்டு, டெபியன், பெடோரா, ராக்கி, பிராக்ஸ்மாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சண்டை. வேலந்தாவளம் சந்தையில் மாடு பிடிக்கப் போனவன் நிலைமை. எல்லாத் தரகரும் நல்லவர்களாகவே பேசுகிறார்கள்.

செப்டம்பர் 12

காலேஜில் கூடப் படித்த ரிஜினுக்கு போன் செய்தேன். இப்போது கொச்சியில் பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். "எடோ, ஏற்றவும் புதியது தன்னே இடு" என்றான், இருப்பதிலேயே புதியதைப் போடச் சொல்லி. புதியது என்றால் பெடோரா. புது வசதிகள் முதலில் அங்கேதான் வரும். பதிப்பு மட்டும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் மாற்ற வேண்டும். மாற்றுகிறேன், எனக்கென்ன கை இல்லையா?

செப்டம்பர் 16 – செவ்வாய்

ஓடியது.

பழைய விண்டோஸ் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து, சங்கம் வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டிக்குள் விர்ச்சுவல் மெஷினாக எழுப்பி, சோதனை மெஷினின் ஒயரை அதற்குள் கொடுத்தேன். பால் அளந்து வாங்கும் வள்ளியக்கா ஒரு கரண்டிப் பாலை மெஷினில் வைத்தார். திரையில் 4.1 என்று விழுந்தது. "அட, அதேதான் வருது" என்றார். அதே வருவதற்குத்தான் நாலு நாள் தூக்கம் கெட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பாதுகாப்புக்காக டிஸ்க் முழுவதற்கும் பூட்டுப் போட்டுவிட்டேன். பெட்டி எழும்போது இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு கேட்கும். யாரும் நுழைய முடியாது. எனக்கே என்னை நினைத்தால் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

செப்டம்பர் 27 – சனி

யாரும் நுழைய முடியவில்லை. எங்கள் ஆட்கள் உட்பட.

பொள்ளாச்சியில் என் வீட்டுக்காரர் நவீனுடைய சித்தப்பா வீட்டுச் சீருக்குப் போயிருந்தோம். இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. மூன்றே கால் மணிக்கு வள்ளியக்கா போன். "அம்மிணி, இடி இடிச்சுதுன்னு செக்ரட்டரி பிளக்கெல்லாம் உருவிப்போட்டாரு. இப்பச் சொருகுனா கம்ப்யூட்டரு எதையோ கேட்டுக்கிட்டு நிக்குது."

எதைக் கேட்கும்? என் பாஸ்வேர்டைத்தான். இருபத்திரண்டு எழுத்தையும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனில் கத்தினேன். பெரிய எஸ், சின்ன கே, அப்புறம் அட் குறி. "அட் குறி எங்க அம்மிணி இருக்குது?" ரெண்டுக்கு மேலக்கா. "ரெண்டத்தான் அமுக்குனேன். புள்ளி புள்ளியாத்தான் வருது." ஷிப்ட் அழுத்தோணும்க்கா. "அதெங்க?" பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார். ஏழு முறை முயன்றார்கள். ஏழும் தப்பு. வெளியே கேனும் தூக்குப் போசியுமாக எண்பது பேர் நிற்கிறார்களாம்.

கடைசியில் ஓரத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பித்தான் பால் வாங்கினார்கள். ஒன்றே கால் மணி நேரம் தாமதம். அடை வடை ஒன்றும் இறங்கவில்லை எனக்கு, பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 28 – ஞாயிறு

ரத்தினசாமி அண்ணனிடம் சண்டை போட்டேன். யுபிஎஸ் இருக்குதுல்ல, எதுக்குப் புடுங்குனீங்க, முறையா ஆஃப் பண்ணாம யாராச்சும் புடுங்குவாங்களா, சின்னக் கொழந்தையா நீங்க. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "போன ஐப்பசி மழையில, துலாவர்ஷத்துல, அந்த யுபிஎஸ்ஸும் சேர்ந்துதான அம்மிணி கருகுச்சு. மூணாம் வார்டுல டிவி கருகாத ஊடு ஒண்ணு சொல்லு பாக்கலாம். இடி கேட்டா கை தானாப் போயிருது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். என் வீட்டில் நான் என்ன செய்கிறேன்? முதல் உறுமல் கேட்டதும் பிரிட்ஜ், டிவி, மிக்ஸி, நெட் ஒயர் எல்லாவற்றையும் உருவிவிட்டுத்தான் துணி எடுக்கவே மாடிக்கு ஓடுகிறேன். மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. இந்தக் கையை மாற்ற முடியாது.

அப்படியானால் மாற வேண்டியது நான் போட்ட பெட்டி. பெடோராவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பூட்டுப் போட்டவள் நான். கொச்சியில் ஏசி அறைக்குள் இருக்கும் சர்வருக்கு எது நல்லது என்று கேட்டுவிட்டு வந்து பெருமாட்டியில் வைத்தவளும் நான்தான்.

அண்ணனுக்கும் வள்ளியக்காவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று தனியாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 29

பிரசிடென்ட் சொல்லி அனுப்பியது: "சனிக்கெழமயக் கணக்குல சேக்கல. ஒண்ணாந்தேதியிலிருந்துதான் கணக்கு." நாளை ஒரு நாள்தான் மிச்சம். காலைப் பால் எட்டு மணிக்கு முடியும், சாயங்காலப் பால் மூன்றரைக்கு ஆரம்பிக்கும். நடுவில் இருக்கிற நேரம் மட்டும் எனக்கு.

செப்டம்பர் 30 – செவ்வாய்

இன்று நான் செய்ததை எந்த வெப்சைட்டிலும் நான் பார்த்ததில்லை.

நான்கு ஹார்ட் டிஸ்க்கில் நான்கு லினக்ஸ். நேற்றே வீட்டில் உட்கார்ந்து போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றையும் மாட்டுவேன், மூன்று விர்ச்சுவல் மெஷினும் எழுந்ததும் வள்ளியக்கா ஒரு பெயரைப் பதிவார், பதிந்த கையோடு ரத்தினசாமி அண்ணன் பிளக்கை உருவுவார். சொருகுவார். திரும்ப உருவுவார். டிஸ்க்குக்கு எட்டுத் தடவை. பிளக் உருவுவதற்கு எங்கள் செக்ரட்டரியைப் போல ஒரு கை ஜில்லாவிலேயே கிடையாது. "இதுக்கும் ஒரு நாள் எனக்கு வேல வரும்னு தெரியும்" என்று சொல்லிக்கொண்டே உருவினார்.

நான்குமே எழுந்தன. ஒன்றும் செத்துப்போகவில்லை. ஆனால் முதல் சுற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைசியாகப் பதிந்த பெயர் இரண்டு தடவை காணாமல் போயிருந்தது. எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் மெதுவாக எழுதுகிற மாதிரி விர்ச்சுவல் டிஸ்க்கை நான் அமைத்திருந்தேன். வேகம் கிடைக்கும் என்று ஆசை. வேகம் யாருக்கு வேண்டும்? கடைசியில் ஊற்றியவரின் ஆறு லிட்டர் போனால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்த பிறகே எழுதினேன் என்று சொல்லும்படி மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு பெயர்கூடத் தொலையவில்லை.

நான்கில் நான் எடுத்தது டெபியன். ஏன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதி வைக்கிறேன். கேட்டதை மட்டும் போட்டது. திரையில் படம், அலங்காரம் ஒன்றும் வேண்டாம் என்றேன், சரி என்றது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப் பதிப்பு. இப்போது போட்டதற்கு ஐந்து வருஷம்வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். நான் வேறு வேலைக்குப் போனாலும் அது அவசரப்படுத்தாது. போடும்போது எந்த மொழி என்று கேட்ட பட்டியலில் தமிழும் இருந்தது. அது காரணம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. அறைக்கு இரும்புக் கதவும் திண்டுக்கல் பூட்டும் போட்டாயிற்று. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும். முதலில் பால் மெஷின், அது எழுந்து நின்ற பிறகு பில், கடைசியில் ரிப்போர்ட். ஒவ்வொன்றும் எழுந்ததும் ஒரு பீப். "மொதப் பீப்பு கேட்டதும் பால் ஊத்தலாம்க்கா" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார் வள்ளியக்கா. அவ்வளவுதான்.

அக்டோபர் 1

காலை 112 பேர். சாயங்காலம் 97. இடி இல்லை. நகம் கடித்துக் கடித்து விரல் எரிகிறது.

அக்டோபர் 5 – ஞாயிறு

முதல் இடி. 2.50க்கு உருவினார், 3.25க்குச் சொருகினார். நான் அடுத்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பீப். பீப். பீப்.

வெளியே வந்து ஒன்றும் நடக்காததுபோல் பேப்பர் பார்த்தேன்.

அக்டோபர் 9

ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை. மூன்று தடவையும் எழுந்தது. ரிஜினுக்கு போன் செய்து சொன்னேன். "நர்மதே, பிளக் உருவியாணோ டெஸ்ட் செய்தது?" என்று அரை நிமிஷம் சிரித்தான். பிறகு, சோதனையைப் பற்றி எழுதி வைத்ததை எல்லாம் அனுப்பச் சொன்னான். கொச்சிக்காரனுக்குப் பெருமாட்டியிலிருந்து பாடம் போகிறது. அனுப்புகிறேன், அவசரம் ஒன்றும் இல்லையே.

அக்டோபர் 17 – வெள்ளி

இன்று இரண்டு பீப்தான்.

மூன்றாவதுக்காகக் காத்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தை எப்படி எழுதுவது? ரிப்போர்ட் மெஷின் எழவில்லை. பிரசிடென்ட் வேறு இன்றைக்கென்று தன் பாலை அவரே கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார். போச்சு, எல்லாம் போச்சு, எதுக்கு இந்த வேண்டாத வேல உனக்கு, பேசாம பேரத் தட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே.

ஆனால் வெளியே வள்ளியக்கா தன் பாட்டுக்குப் பால் வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னது முதல் பீப். அது வந்துவிட்டது. பிரசிடென்ட் ஊற்றினார், சீட்டை வாங்கினார், கொழுப்புக் குறைந்துவிட்டது என்று முனகினார், போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

போனவுடன் உள்ளே பார்த்தேன். ரிப்போர்ட் மெஷினுக்குள் விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது பிளக் போயிருக்கிறது. முந்தின நாள் எடுத்து வைத்த பிரதியைத் திருப்பிப் போட்டேன். பதினொரு நிமிஷம். பாலை முதலில் வைத்தேன் பார், அந்த ஒரு புத்திக்காக என் முதுகில் நானே தட்டிக்கொள்ளலாம். கை எட்டவில்லை.

அக்டோபர் 20 – தீபாவளி

எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தரைக்குச் சங்கம். வள்ளியக்கா முறுக்கு கொண்டுவந்தார். வெடிச் சத்தத்தை இடி என்று நினைத்து ரத்தினசாமி அண்ணன் ஒருமுறை உருவிவிட்டார். நானும் வள்ளியக்காவும் அவரை வைத்து மத்தியானம்வரை சிரித்தோம். எழுந்துவிட்டது.

அக்டோபர் 31 – வெள்ளி

பரணசமிதி. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது: அக்டோபரில் பால் நின்ற நேரம், இல்லை. சென்னியப்பன் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கம்பெனிக்காரங்களுக்கு வர வேண்டாம்னு போன் பண்ணிப்போட்டேன். கம்ப்யூட்டரு சமாச்சாரம் பூரா இனி நர்மதா பொறுப்பு. யாரும் கை வெக்காதீங்க" என்றார். கூட்டம் அடுத்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது.

மாட்டுத் தீவனம் முழுக்க எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நவீனிடம் வந்து சொன்னபோது குரல் உடைந்தது. "மாட்டுத் தீவனத்துக்கா?" என்றார் இவர். தலையணையை எடுத்து அடித்தேன்.

நவம்பர் 8 – சனி

உடும்பஞ்சோலையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். புது வீட்டுப் பால் காய்ச்சு. ஏலக்காட்டுக்கு நடுவில் போன் சிக்னல் மருந்துக்கும் இல்லை. மத்தியானம் ஆனால் வானம் கறுக்கிறது. இங்கே இப்படி என்றால் அங்கே?

கேட்கவும் வழி இல்லை. அக்கா மூன்று தடவை கேட்டுவிட்டாள், முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று.

நவம்பர் 12 – புதன்

நேற்று இறங்கி வந்தோம். சிக்னல் வந்ததும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நாளில் சங்கத்திலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. வாட்ஸாப்பில் வள்ளியக்கா அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் நான்கு.

இன்று காலை போனதும் முதல் வேலையாகப் பெட்டியின் பதிவைத் திறந்தேன். நான்கு நாளில் ஒன்பது தடவை பிளக் போயிருக்கிறது. ஒன்பது தடவையும் எழுந்திருக்கிறது. கடைசிப் பெயர்வரை எல்லாம் இருக்கிறது.

யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வள்ளியக்கா ஏலக்காய் வாங்கி வந்தாயா என்றுதான் கேட்டார். எனக்குக் கொஞ்சம் வெடுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒன்பது தடவை. ஒரு மனுஷராவது வாயைத் திறக்கக் கூடாதா? பொறுக்காமல் ரத்தினசாமி அண்ணனிடம் நானே போய்க் கேட்டேன். ஏனுங்ணா, நான் இல்லாதப்ப கம்ப்யூட்டரு ஏதாச்சும் தொந்தரவு பண்ணுச்சுங்களா?

அவர் எதைக் கேட்கிறேன் என்றே புரியாமல் பார்த்தார். "கம்ப்யூட்டரா? அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்குது." திரும்பிப் பால் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் நவீனிடம் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். "இதுக்குப் போயி அழுவறியா?" என்றார்.

ஆமாம், இதற்குத்தான். அது பாட்டுக்கு இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்.