சராசரிக் கிணற்றில் தண்ணி அள்ளேலாது

என்ர பிரியமான ஜெனிற்றா,

நீ போய் வருசம் திரும்பீற்றுது. கோயிலில உனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தம். ஆனால் உனக்குச் சொல்ல வேற சங்கதி ஒண்டு இருக்கு. கேட்டால் நீயும் என்னைப்போலக் காறித் துப்புவாய்.

நீயும் நானும் மோட்டார்சைக்கிளில ஊர் ஊராய்ப் போய், கிணத்துத் தண்ணியில உப்பு எவ்வளவெண்டு அளந்தமே, அந்தக் கணக்கு முழுவதையும் நாங்கள் வேலைசெய்த கந்தோர் கொழும்பிலயிருந்து வந்த நிபுணர்களிட்டத் தூக்கிக் குடுத்தது. அவை என்ன செய்தவை தெரியுமோ? கேக் வெட்டினமாதிரி ஒரு வட்டப்படம். பக்கத்தில தடிப்பு, அடியில நிழல், கலியாணப் பந்தல் நிறங்கள். முருங்கன் ஊரின்ர நல்ல தண்ணியையும் ஓலைத்தொடுவாயின்ர உப்புத்தண்ணியையும் ஒண்டாய்க் கலக்கி, உப்புக் கிணறுகளை ஊர்ப்பேர்கூட இல்லாத ஒரு மெல்லிய துண்டில ஒதுக்கி, மேல பெரிசாய் எழுதியிருந்தது: ‘சராசரியாய்க் குடிக்கலாம்’. இதுக்குத்தானோ இவ்வளவு தூரம் வந்தவை?

கூட்டத்தில எங்கட கந்தோர்ப் பெரியவர் முதல்கொண்டு எல்லாரும் தலையாட்டினவை. விளங்கினதால இல்லை, படம் மினுங்கினதால. நான் எழும்பினன்.

“அந்தச் சராசரிக் கிணறு எந்த ஊரில இருக்கு, ஐயா? சொன்னீங்களெண்டால் ஓலைத்தொடுவாய்ச் சனத்தைக் குடத்தோட அனுப்பிவிடுவன்.”

நிபுணர் சிரிச்சார். “மிஸ், பார்க்கிறவைக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாது. ஒரே படத்தில முடிக்கவேணும்.”

“குடிக்கிறவைக்குக் கஷ்டம் குடுக்கலாமோ?”

நீ கந்தோரில சண்டைபிடிச்சுச் சண்டைபிடிச்சுக் கேட்டமாதிரியே நான் கீறிக்கொண்டு போன படத்தைத் திரையில போட்டன். ஊருக்கொரு சின்னப் படம், அதில மாசத்துக்கு மாசம் உப்பு எவ்வளவெண்டு, எல்லாத்துக்கும் ஒரே அளவு, குறுக்கால குடிக்கக்கூடிய எல்லைக்கு ஒரு கோடு. முருங்கன் கோட்டுக்குக் கீழ படுத்துக் கிடந்தது. ஓலைத்தொடுவாய் வெயில் மாசங்களில எல்லையைத் தாண்டி ஏறி, மழை பெய்ஞ்சும் முழுசாய் இறங்கேல்லை.  நிபுணர் அதைப் பார்த்திட்டு, “நிறம் காணாது, இன்னும் போடவேணும்” எண்டார். கண் இருந்தென்ன?

கடைசியில கந்தோரின்ர அறிக்கை அதே வட்டப்படத்தை அட்டையில சுமந்துகொண்டு வந்தது. நான் எங்கட படத்தை ஓலைத்தொடுவாய்க் கோயில் அறிவித்தல் பலகையில ஒட்டினன். பூசை முடிஞ்சு வந்த சனம் தங்கட ஊரை விரலால தொட்டுப் பார்த்துது. பிறகு படத்தைக் கழட்டிக்கொண்டு நேர பிரதேச செயலகத்துக்குப் போச்சுது. இப்ப பவுசர் லொறியில தண்ணி வருது. அதைத் தங்கட திட்டத்தின்ர வெற்றியெண்டு கந்தோர் இன்னொரு வட்டப்படம் கீறியிருக்கு. வெக்கமெண்ட சாமானை இவை எங்க வித்தவை, ஜெனிற்றா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

சிலாவத்துறைப் பக்கக் கிணறுகளையும் அளக்கத் துவங்கீற்றன். உன்ர மோட்டார்சைக்கிளிலதான் போறன். நான் உயிரோட இருக்குமட்டும், ஒரு ஊரின்ர தாகத்தை இன்னொரு ஊரின்ர தண்ணிக்குள்ள ஒளிக்க விடமாட்டன்.

உன்ர மகளின்ர ஞானத்தாய்,
றெஜினா