உன் எலிகள் நலம், அக்கா

நேற்று ஃப்ரீசரைக் காலி செய்யச் சொன்னார்கள். மைனஸ் எண்பது டிகிரி பெட்டி அது. கதவைத் திறந்தாலே, சாமி காட்சி தரப்போவதுபோல வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். தூக்கிப்போட வேண்டிய குழாய்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் கையில் வந்தது. மூடியில் மார்க்கரால் ‘பதினொன்று’ என்று என் கோணல் எழுத்து. உள்ளே பழுப்பாக, கட்டியாக உறைந்து கிடந்தது உன்னுடையது.

கோபித்துக்கொள்ளாதே. செத்துப்போனவர்களை நினைத்துக்கொள்ள மற்றவர்களுக்குப் புடவை, மூக்குத்தி, போட்டோ என்று கௌரவமாக ஏதாவது மிஞ்சுகிறது. எனக்கு மிஞ்சியது இது.

கையுறை போட்ட உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வருமோ என்று பார்த்தேன். விரல்தான் மரத்தது.

என் வேலை என்னவென்று நீ முதல்முறை கேட்டபோது, ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்க்கிறேன் என்றேன். வீட்டில் எலி வந்தால் கட்டில்மேல் ஏறிக் கத்துகிறவள், மூன்று மணி நேரம் ரயிலில் பெங்களூரு போய் எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, படுக்கை மாற்றிவிட்டு வருகிறாள் என்று லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்க நீதான் பரப்பினாய். நீ மாரிக்குப்பத்தில் ரயில் புறப்படும்போதே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவாய். நான் சில ஸ்டேஷன் தள்ளி கோரமண்டலில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு உன் முழங்காலுக்கு முன்னால் நிற்பேன். ஒயிட்ஃபீல்டில் நீ கார்மென்ட்ஸ் வேலைக்கு இறங்கினால்தான் எனக்கு அந்த இடம். பதினான்கு வருஷம் உன் சூடு ஆறாத சீட்டில்தான் உட்கார்ந்தேன்.

மனிதர் வயிற்றில் வாழும் கிருமிகளை எலி வயிற்றில் குடிவைப்பதுதான் எங்கள் கூடத்தில் நடந்த சோதனை. முதலில் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்து எலியின் சொந்தக் கிருமிகளைக் காலி பண்ண வேண்டும். பிறகு ஒருவருடைய மலத்தை உப்புநீரில் கரைத்து வடிகட்டி, முனை மழுங்கிய வளைந்த ஊசியால் எலியின் தொண்டை வழியே இறக்க வேண்டும். அப்புறம் வாராவாரம் எடை பார்த்து எழுத வேண்டும். எங்கள் மேடத்துக்கு தினமும் ராகிக் களி தின்கிற ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பெங்களூரில் எல்லார் வயிறும் ஓட்டல் வயிறாகிவிட்டதாம். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இதை நீ பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாய்.

“அம்பது வருஷமா ஒருத்தரும் கேக்காத பொருளு. எடுத்துகினு போடி” என்றாய்.

கையெழுத்துப் போடும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா எழுதிக்கீது இதுல?” என்று கேட்டாய்.

“உன் வவுத்த எங்களுக்கு எழுதி வெச்சிட்டன்னு கீது.”

“நெலமா நீச்சா, இன்னா கீது எனுக்கு. இதையாவது எழுதி வெக்கறேன்” என்று போட்டாய்.

ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, நீ நல்ல ஆரோக்கியம் என்று மேடம் சொன்னார். ஒரு நாள் விடியலில் நீ டப்பாவை ஐஸோடு நீலப் பையில் போட்டு ரயிலுக்குக் கொண்டுவந்தாய். நம் ரயிலின் வழக்கம் தெரிந்ததுதானே, நிற்கிறவர்களின் பையெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் மடிக்குப் போகும். பங்காருப்பேட்டை தாண்டினால் எவள் பை எவள் மடியில் என்று யாருக்கும் தெரியாது. மாலூர் பள்ளிக்கூடத்து மல்லிகா டீச்சரிடமும் ஒரு நீலப் பை இருந்தது. அன்று அவர் மாலூரில் இறங்கியபோது எடுத்துக்கொண்டது உன்னுடையதை. நம் மடியில் அவருடைய எலுமிச்சை சாதம்.

நீ ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கூப்பிட்டாய். “டீச்சர், நில்லுங்க. அது உங்க சாப்பாடு இல்ல.”

“சில்லுனு கீதே. இன்னா இது, ஐஸ்கிரீமா?”

“சொன்னா மத்தியானம் சாப்ட மாட்டீங்க. குடுத்துருங்க.”

விசில் ஊதிய பிறகு பைகள் ஜன்னல் வழியே கை மாறின. பையில் என்னவென்று கம்பார்ட்மென்டே கேட்டது, நீயே சொல்லிவிட்டாய். டீச்சர் ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை. அன்றிலிருந்து நம் பெட்டியில் குட்மார்னிங் கிடையாது. “இன்னா, எலி இன்னா சொல்லுது?” என்பதுதான் வணக்கம்.

யாருடையது எந்தக் கூண்டில் என்று வெளியே சொல்லக் கூடாது. என் வாயில் எது நின்றது? பதினொன்றாம் கூண்டில் ஐந்து கறுப்பு எலிகள், அதுதான் நீ, என்று சொல்லிவிட்டேன். உன் எலிகள் தூங்குகின்றன, உன் எலி பக்கத்து எலியின் காதைக் கடித்தது என்று தினம் ஒரு சேதி கொண்டுவந்தேன். பாதி பொய். கூண்டுப் பக்கம் போகாத நாளில் முழுப் பொய்.

அடுத்த வருஷம் தசராவுக்கு முன்னால் ஒரு காலை. எல்லாரும் நீ இளைத்துவிட்டாய் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நானுந்தான், ரவிக்கையைப் பிடிக்கச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்த மகராசி என்று உன்னைக் கேலி செய்தேன். டேக்கல் தாண்டி, பேச்சு அடங்கியிருந்த நேரத்தில் என் புடவையை இழுத்து மெதுவாகக் கேட்டாய்.

“வவுறு ஒரு மாதிரியாவே கீதுடி. என் எலிங்க எப்படி கீது? பாத்து சொல்லேன்.”

நான் பார்க்கவில்லை. சிரிப்பு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

“உன் எலிங்களுக்கு இன்னா கேடு? ஒவ்வொண்ணும் பெருச்சாளி மாதிரி கீது. வாக்கிங் அனுப்பலாமான்னு மேடம் ரோசன பண்ணிகினு கீறாங்க.”

பெட்டி முழுக்கச் சிரித்தது. நீதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாய். “பாத்தியா, என் எலிக்கே ஒண்ணும் இல்லியாம், எனுக்கு இன்னா வந்திச்சி” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாய். அதில் விளையாட்டு எவ்வளவு, நிஜமான நிம்மதி எவ்வளவு என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். துணைக்கு நான். பெருங்குடலில் கட்டி, கல்லீரல்வரை போய்விட்டது என்றார் டாக்டர். இத்தனை மாதம் ஏன் காட்டவில்லை என்று கன்னடத்தில் கேட்டார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஃபேக்டரியில் லீவு தரவில்லை சார் என்று கன்னடத்திலேயே சொன்னாய். அதன்பின் கடைசிவரை எலியைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். நார் எடுக்காமல் கொடுக்கிறேன் என்று திட்டினாய்.

ஆண்டர்சன்பேட்டையில் உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோதும் நேற்றுப்போலத்தான், அழுகை வராமல் இருந்தேன். யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் என் மூக்கில் உரசியது. தும்மல் வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனதும் எடைப் புத்தகத்தை எடுத்தேன். உன் எலிகள் குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. நீ கேட்ட வாரத்தில்கூட மற்றக் கூண்டுகளைப் போலத்தான் இருந்திருக்கின்றன. மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். எலியை வைத்து ஆளுக்குச் சொல்ல முடியாது என்றார். அதுவும் அவற்றுக்குள் போனது முந்தைய வருஷம் நீ கொடுத்தது, நோய் தெரியாத நாளின் வயிறு.

ஆக, நான் சொன்ன பொய் ஏறக்குறைய உண்மைதான். இது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக முயன்று பார்க்கிறேன். நீ எலியைப் பற்றியா கேட்டாய்? நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. போய் காட்டு.

நேற்று அந்தக் குழாயை மற்றவற்றோடு கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டேன். பையைக் கிருமி கொல்லும் நீராவிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைத் திருகினேன். முடிந்ததும் அவித்த வாடை வந்தது. அவ்வளவுதான். கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். தயிர்சாதம், உன் நீலப் பையில்தான் கொண்டுபோகிறேன். உன் மகள் கொடுத்தாள்.

இன்று காலை ரயிலில் மல்லிகா டீச்சர் என் புடவையை இழுத்தார். “இன்னாம்மா, எலி இன்னா சொல்லுது?” என்றார். வழக்கமான கேள்வி. ஆனால் குரல் தாழ்ந்திருந்தது. அவருடைய இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது.

என் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக், அக்கா. நீ இருந்தால் ஒயிட்ஃபீல்டுவரை சிரித்திருப்பாய். அதை விழுங்கிவிட்டேன்.

“எலிக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். நீங்க போய் காமிங்க.”

பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். இதுவும் என் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கே. மாலூர்ல உங்ககூட நானும் எறங்கறேன்.”

இறங்கினோம். எலிகளுக்குத் தீனி போட நேரமாகும் என்று மேடத்துக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் டீச்சரின் நீலப் பையும் உன் நீலப் பையும் என் மடியில் இருந்தன. எது யாருடையது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.