பதினோரு துளை பெற்ற மருத்துவர் அரியநாச்சியார் குறித்து

வெண்கோட்டு நாட்டைக் காத்தருளும் மாமன்னர் இளவேங்கையாரின் ஆணை தாங்கி, பெருமந்திரி கொற்றங்குமரன், நீலவாய்ப் பள்ளத்தாக்கின் அதிகாரி செங்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் எல்லைக்குள் ஓடைகள் தெளிந்து ஓடுக. படுக்கையில் கிடப்போர் எழுந்து நடமாடுக. உம் இல்லத்தில் அமைதி திரும்புக.

உமது ஓலையை மூன்று முறை படித்தோம். படிக்கப் படிக்கக் குழப்பமே மிகுந்தது.

மருத்துவர் யாவரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைநகர் மருத்துவ அவைக்கு வந்து முப்பது நாள் பாடம் கேட்க வேண்டும். கேட்ட நாளுக்கு ஒன்றாக அவரவர் உரிமை ஓலையில் துளையிடப்படும். முப்பது நிறையாதவர் நாடி பிடித்தலாகாது. இது யாமே எழுதிய சட்டம். என்றோ படித்ததை வைத்துக் காலம் தள்ளும் மருத்துவரிடமிருந்து மக்களைக் காக்கவே எழுதினோம். உம் மனைவியார் அரியநாச்சியாரோ, பள்ளத்தாக்கில் காய்ச்சல் பரவிய சேதி கேட்டுப் பதினோரு துளையோடு ஊர் திரும்பிவிட்டார். ஆகவே அவரது மருத்துவச்சாலையை நீரே பூட்டி முத்திரையிட்டீர். மருந்துகள் உள்ளே; நாற்பத்திரண்டு நோயாளிகள் வாசலிலே; அவர்களில் இரு குழந்தைகளுக்கு நினைவு தப்பிவிட்டது. உம்மோடு இருபதாண்டு வாழ்ந்ததற்கு எத்தனை துளை இடுவீர் என்று அம்மையார் ஊரார் முன்னிலையில் வினவியதாகவும், அவ்வினாவை நீர் எமக்கே அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர். எமக்கும் விடை தெரியவில்லை.

எம்மைக் குழப்புவது வேறொன்றும் உண்டு. அம்மையார் ஊரிலிருந்து எழுதியனுப்பிய காய்ச்சல் குறிப்பே அவையில் இருபத்தைந்தாம் நாள் பாடமாகப் படிக்கப்பட்டது. கேட்ட அறுபத்துநான்கு மருத்துவருக்கும் துளை கிடைத்தது. ஒருவர் பாதியில் உறங்கிப்போனாராம், அவருக்கும் கிடைத்தது. எழுதியவருக்கு இல்லை. அவைத்தலைவர் நல்லாதனாரை அழைத்துக் கேட்டோம். பாடம் நடந்தபோது அம்மையார் அவையில் இல்லையே என்றும், அடுத்த ஆண்டு வந்து தம் குறிப்பைத் தாமே அமர்ந்து கேட்டால் துளையிடத் தடையில்லை என்றும் அவர் முகம் மாறாமல் உரைத்தார். சினந்து சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதே அதில் இருந்தது, எழுத்தும் எம்முடையது.

கேட்பவரை எண்ணிய யாம் கற்பிப்பவரை எப்படி மறந்தோம்? இவருக்கு விலக்களித்தால், நாளை சோம்பியிருந்தோரும் காய்ச்சலைக் காரணம் காட்டுவாரோ? இவருக்குத் தருவது ஒரு துளையா, பத்தொன்பதா? ஒன்றும் விளங்கவில்லை. எமக்கு விளங்கும் வரை அக்குழந்தைகள் காத்திருக்க முடியாது என்பது மட்டும் விளங்குகிறது.

ஆதலின் ஆணையாவது: இவ்வோலை கண்ட நாழிகையே பூட்டைத் திறந்து, திறவுகோலை அரியநாச்சியாரிடம் ஒப்படைப்பீராக. நல்லாதனாரும் துளையூசியோடு அங்கே புறப்பட்டுவிட்டார். எஞ்சிய பத்தொன்பது நாளும் அவர் அம்மையாரின் அருகிருந்து, சொன்ன பணி செய்வார். நாள்தோறும் துளை யாருடைய ஓலையில் விழ வேண்டும் என்பதை அம்மையாரே முடிவு செய்யட்டும்.

மாமன்னர் முத்திரையோடு, தன் சட்டம் தனக்கே விளங்காத மந்திரியின் கைச்சாத்தும் இட்டு, கார்த்திகைத் திங்கள் ஏழாம் நாள் விடுத்தது.